ஊரில் பணம் இருக்கிறது, கடைக்கு வருவதில்லை: டெல்டா வியாபாரிகள் அனுபவம் சொல்லுங்கள்

மளிகைக் கடை, மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி சாலை

22 வருடமாக மளிகைக் கடை நடத்துகிறேன். கிராமத்துக் கடைதான். சுமார் 400 வீடு, ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு ரேஷன் கடை, வாய்க்கால் மதகை ஒட்டி என் கடை. ரொம்ப நாளாக ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மற்ற வியாபாரிகளுக்கும் இப்படித்தானா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு மதியம். நடவு முடிந்து நாலைந்து பெண்கள் காலில் சேறு காயாமல் கடைக்கு வந்தார்கள். அதில் ஒரு அக்கா நான் கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். "தம்பி, தேங்காண்ணெ பத்து ரூவாய்க்கு, காப்பித்தூள் அஞ்சு ரூவா பாக்கெட் ரெண்டு, சீயக்கா ரெண்டு, பருப்பு நூறு கிராம்" என்றார். 38 ரூபாய் ஆனது. முந்தானை முடிச்சிலிருந்து 30 எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நான் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு கார் வந்து நின்றது. ஊரில் பெரிய வீடு. நாலு வேலி நிலம் (இருபத்தைந்து ஏக்கருக்கு மேல்), பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். லீவுக்கு வந்திருந்த மகன் இறங்கி ஓட்ஸ் இருக்கிறதா, ஆலிவ் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்லண்ணே, தஞ்சாவூர் போறப்ப வாங்கிக்கிறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னிடம் இல்லாததைக் கேட்டார், இருக்கிற இடத்தில் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆனால் அன்று ராத்திரி கல்லாவை எண்ணும்போது ஒரு கணக்கு வந்து நின்றது. ஒரு வீட்டுக்கு மாதம் 3 லட்சம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் மாதம் 2 கிலோ துவரம்பருப்பு, 3 லிட்டர் எண்ணெய் செலவாகும். அதே 3 லட்சம் 20 வீட்டுக்கு ஆளுக்கு 15,000 என்று வந்தால் 40 கிலோ பருப்பு, 60 லிட்டர் எண்ணெய். பணம் ஒன்றுதான். எனக்கு வியாபாரம் 20 மடங்கு வித்தியாசம். எவ்வளவு வசதியானவர் என்றாலும் ஒரு நாளைக்கு இரண்டு தலை முழுக முடியாது அல்லவா.

என் கடையில் இப்போது நடுவில் இருந்த சரக்கு போய்விட்டது. முன்பெல்லாம் அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் பாட்டில், அரை கிலோ காப்பித்தூள், பெரிய சோப்பு நாலு சேர்ந்த கட்டு என்று மாத ஆரம்பத்தில் வாங்கிப் போகிற வீடுகள் 50, 60 இருந்தன. ஆசிரியர், பேருந்து நடத்துநர், நாலைந்து மா (மூன்று மா ஒரு ஏக்கர்) சொந்த நிலம் உள்ளவர், ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவர். அவர்களில் பாதிப்பேர் டவுனுக்குக் குடிபோனார்கள். மீதிப்பேர் பாக்கெட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அரை லிட்டர் பாட்டில் தேதி முடிந்து மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அப்புறம் போடுவதையே விட்டுவிட்டேன். கடை முழுக்கச் சரம் சரமாகத் தொங்குவதுதான் இப்போது சரக்கு.

சிறு பாக்கெட் ஏழைக்கு நல்லது என்று சொல்வார்கள். பாதி உண்மை. நம் பக்கத்துக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர்தான் ஷாம்பூவைச் சின்னப் பையில் அடைத்து விற்கிற வழியைக் காட்டினார். அதுவரை கூலிக்காரர் வீட்டில் ஷாம்பூ ஏது? இன்றைக்கும் ஷாம்பூவில் பாக்கெட் விலை பல சமயம் பாட்டிலை விடக் குறைவாகவே விழுகிறது. ஆனால் காப்பித்தூள், எண்ணெய், மசாலாவில் அப்படி இல்லை. கிலோவுக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போட்டால், அந்த அக்காதான் கார்க்காரரை விட அதிக விலை கொடுக்கிறார். 5 ரூபாய் பாக்கெட் பல வருடமாக 5 ரூபாயாகவே இருக்கிறது, உள்ளே இருப்பதுதான் இளைத்துக்கொண்டே வருகிறது.

எனக்கும் அதில் சுகமில்லை. நாள் முழுக்க 180 பேர் வந்து போகிறார்கள், கல்லாவில் 7,000 தேறுகிறது. கத்தரித்துக் கொடுத்துக் கொடுத்தே நேரம் போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியிலிருந்து சில மாதம் 100 நாள் வேலைக் கூலி வராமல் நின்றது ஞாபகம் இருக்கும். அந்த வருடம் ஒரு நாளுக்கு 319 ரூபாய். என் பாக்கி நோட்டில் அதற்கு முன்பு 60,000 இருந்தது, பங்குனிக்குள் 1,40,000 ஆகிவிட்டது. அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டிய கூலியை நான் சரக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்குச் சரக்கு கொண்டுவரும் லைன் வண்டிக்காரரிடம் தவணை சொல்லி, கடைசியில் வீட்டு வளையலை அடகு வைத்துச் சரக்கு எடுத்தேன். கூலி வந்த அந்த இரண்டு நாள் கடையில் நிற்க இடமில்லை. ஊரில் வேறு எவருக்கு வருமானம் வந்தபோதும் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. மாதம் 15ஆம் தேதி மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் ஏறுகிற அன்றும் கொஞ்சம் அப்படித்தான்.

உங்கள் ஊரில், உங்கள் தொழிலில் எப்படி? எழுதுங்கள்.

பாத்திரக் கடை, கும்பகோணம்

அண்ணே, உங்கள் கணக்கு மளிகைக்குச் சரி. என் கடையில் கொஞ்சம் வேறு மாதிரி. பத்து பேர் எவர்சில்வர் டம்ளர் வாங்குவதும் ஒரு வீட்டார் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு அஞ்சடியில் ஒரு ஜோடி வாங்குவதும் ஒன்றாகுமா? பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தால் மாத வாடகை வந்துவிடும். அதனால் நானும் பத்து வருடம் முன்பு கடையை அவர்களுக்காகவே மாற்றினேன். முன் பக்கம் கண்ணாடி அடைத்து, ஏசி போட்டு, வெள்ளி முலாம் சாமான்கள் வைத்தேன். எடை போட்டு வாங்குகிற பித்தளைக் குடம், அண்டா, தேக்சா எல்லாம் பின் அறைக்குப் போயின.

அது தப்பு என்று புரிய வைத்தது ஒரு கல்யாணம். 3 லட்சத்துக்கு மேல் சாமான். சீர்வரிசைக்கும், வந்தவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கிற 400 சின்ன விளக்குக்கும் சேர்த்து. முன்பணம் 50,000. மீதி "கல்யாணம் முடிஞ்சு பார்த்துக்கலாம்". முடிந்தது. போன் செய்தால் எடுப்பார், அன்பாகப் பேசுவார், "அடுத்த வாரம்" என்பார். எட்டு மாதம்! விளக்கு வார்த்துக் கொடுத்த நாச்சியார்கோவில் பட்டறைக்காரர் வாரா வாரம் என் கடை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பித்தளை வாங்கவே காசு இல்லை. பெரிய வீட்டில் போய் நான் சத்தம் போட முடியுமா? போட்டால் அவர்கள் சொந்தபந்தம் அத்தனை பேரும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அதே மாதத்தில் ஒருவர் பெண்ணோடு வந்தார், கட்டட வேலை செய்கிறவர். கையில் ஒரு துண்டுச் சீட்டு, அதில் எழுதியிருந்தது: குடம் 1, விளக்கு 1, தாம்பாளம் 2. இரண்டடி விளக்கைத் தொட்டுப் பார்த்தார், விலை கேட்டார், ஒரு அடி விளக்குக்கு இறங்கினார். அதற்கும் கையில் 1,200 குறைந்தது. அந்தப் பெண், "அப்பா, தாம்பாளம் ஒண்ணு போதும்" என்றாள். நான் 1,200ஐப் பிறகு தரச் சொல்லி இரண்டு தாம்பாளத்தையும் கட்டிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

30 வருட வியாபாரத்தில் என் அனுபவம் இதுதான்: சின்னப் பாக்கி நிறைய இருக்கும், ஆனால் திரும்பும். ஒரே ஒரு பெரிய இடத்தை நம்பிக் கடை நடத்தினால் அவர் கை நம் கழுத்தில் இருக்கும். பித்தளைக் குடங்களைத் திரும்ப முன்னால் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் ஒரு அடி விளக்கைத் தாண்டி இரண்டடிக்குப் போகிற நடுத்தரக் குடும்பங்கள் இன்னும் வரவில்லை.

டீக்கடை, பேராவூரணி பக்கம்

2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு முன் எனக்கு ஒரு நாளைக்கு 400 டீ. காலை 5 மணிக்கே தேங்காய் பறிக்கிறவர்கள், மட்டை உரிக்கிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் வந்துவிடுவார்கள். ஒரே ராத்திரியில் தோப்பு எல்லாம் படுத்துவிட்டது. கையில் காசு இருந்தவர்கள் மரத்தை அப்புறப்படுத்தி, கன்று வைத்து, போர் போட்டுத் தண்ணீர் விட்டார்கள். இப்போது காய்க்கிறது. உரிக்கிற ஆட்கள் அத்தனை நாள் எதைத் தின்று காத்திருப்பார்கள்? திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனவர்கள் போனவர்கள்தான்.

தோப்புக்காரர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் டீக்கடைக்கு வருவதில்லை. இப்போது எனக்கு 150 டீ.

உரக்கடை, வலங்கைமான் பக்கம்

என் வாடிக்கையாளரில் முக்கால்வாசி குத்தகைக்காரர்கள். கோவில் நிலம், மடத்து நிலம், டவுனில் இருக்கிற சொந்தக்காரர் நிலம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் எங்கள் கடையில் கடன் நோட்டும் திறக்கும். டிஏபி மூட்டை 1,350, யூரியா 266 ரூபாய் 50 காசு. எல்லாம் அறுவடைக்குத்தான் வசூல்.

இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545, பொது ரகம் 2,500. அதை வாங்கச் சிட்டா, அடங்கல் வேண்டும், நிலம் யாருடையது, என்ன பயிர் என்று காட்டும் அரசுக் காகிதங்கள். வாய்மொழிக் குத்தகைக்கு நில உடைமையாளர் கையெழுத்துப் போடத் தயங்குகிறார், நாளைக்கு உரிமை கேட்பானோ என்ற பயம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பயந்தே காகிதம் கொடுக்காமல் விடுகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய கொடுமை! காகிதம் இல்லாதவர் களத்து மேட்டிலேயே வியாபாரியிடம் போடுகிறார், அவர் சொன்னதுதான் விலை. பயிர்க்காப்பீடும் நிவாரணமும் பல இடத்தில் பட்டா வைத்திருப்பவர் கணக்குக்கே போய்விடுகின்றன.

போன தாளடியில் (இரண்டாம் போக நெல்) 9 மா சாகுபடி செய்த ஒருவர் நெல்லைப் போட்டுவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். பாக்கி 21,400. மேசையில் 14,000 வைத்தார். "ஐயா, குத்தகை நெல்லு அளந்தாச்சு, மிஷின் கூலி கொடுத்தாச்சு, இதுதான் நிக்குது" என்றார். நான் எண்ணவில்லை, அப்படியே 2,000 எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கும். நிலம் வைத்திருப்பவருக்கு அதே வயலில் ஒரு கவலையும் இல்லை. ஆனால் அவர் என்னிடம் ஒரு மூட்டை யூரியா வாங்கியதில்லை. என் கடை ஓடுவது அந்த 9 மாக்காரர் கையில்.

தையல் கடை, கீழ்வேளூர் பக்கம்

அண்ணன்மார்களே, நான் ஜாக்கெட் தைக்கிறேன். என் அப்பாயி சொல்லும் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவர்கள் காலத்தில் கூலி என்பது நெல். அதை வைத்துக் கடையில் என்ன வாங்க முடியும்? ஊரில் கடையே கிடையாது. கொஞ்சம் நெல்லைக் கொடுத்து உப்பும் மிளகாயும் மாற்றிக்கொள்வார்களாம். எங்கள் ஊரிலிருந்து கீழ்வெண்மணி தூரமில்லை. கூலி கூடக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 ராத்திரி அங்கே 44 பேர் தீயில் போனார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். இந்த மண்ணில் கூலியைப் பற்றிப் பேசும்போது எனக்கு அது ஞாபகம் வராமல் இருக்காது.

100 நாள் வேலை 2006இல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் வந்த 6 மாவட்டங்களில் எங்கள் நாகப்பட்டினமும் ஒன்று. அன்றைக்குக் கூலி 80 ரூபாய். பெண்கள் கைக்குச் சொந்தமாக ஒரு காசு வந்தது அப்போதுதான். அதுவரை தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட் தைத்தவர்கள் பொங்கலுக்கும் தைத்தார்கள், ஆடித் திருவிழாவுக்கும் தைத்தார்கள். நான் மெஷின் வாங்கியது அந்தக் காசை நம்பித்தான். அப்புறம் எங்கள் தெருவில் வளையல் கடை வந்தது, சிக்கன் பக்கோடா தள்ளுவண்டி வந்தது.

இப்போது எனக்கு இரண்டு விதமான வேலைதான். டவுனிலிருந்து கல்யாணப் பெண்கள் ஆரி வேலை ஜாக்கெட்டுக்கு வருவார்கள், ஒன்றுக்கு 5,000, 6,000 கூடக் கொடுப்பார்கள். வருடத்தில் பத்துப் பேர் வந்தால் அதிகம். ஊர்ப் பெண்கள் பழைய ஜாக்கெட்டைப் பிரித்து விடச் சொல்லி வருகிறார்கள், 20 ரூபாய் 30 ரூபாய் வேலை. சாதாரண லைனிங் ஜாக்கெட் மாதம் 80 தைத்தேன், இப்போது 35. காரணம் என்னவென்றால் குழுக் கடன். செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு வசூல்காரர் வந்து பாயில் உட்காருவார். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற எல்லோரும் உட்கார வேண்டும். கூலி வந்தால் முதலில் அங்கேதான் போகிறது. துணிக்கடைக்கும் எனக்கும் மிச்சம் வருவதில்லை. வருமானம் போதாததைக் கடன் நிரப்புகிறது, அப்புறம் அந்தக் கடன் இருக்கிற வருமானத்தையும் தின்றுவிடுகிறது.

மளிகை அண்ணனிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் கடையில் வேலைக்கு ஆள் உண்டா? என்ன கொடுக்கிறீர்கள்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருசக்கர வாகன விற்பனை, மயிலாடுதுறை

சுருக்கமாக எங்கள் தொழில் கணக்கு. நாடு முழுக்க 2018-19இல் 2 கோடியே 11 லட்சம் இருசக்கர வண்டி விற்றது. 2024-25இல் 1 கோடியே 96 லட்சம். ஆறு வருடம் கழித்தும் பழைய இடத்துக்கு வந்திருக்கவில்லை. கார் வகை அதே காலத்தில் 33 லட்சத்திலிருந்து 43 லட்சத்துக்குப் போய்விட்டது. என் ஷோரூமில் பார்ப்பதும் இதுதான். விலை கூடிய வண்டிக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது. 100 சிசி வண்டி கேட்டு வருகிறவர் முன்பணம் கேட்டதும், "அடுத்த அறுவடைக்கு வரேன் சார்" என்று பழைய வண்டிக்குச் செயின் மாற்றிக்கொண்டு போகிறார்.

கல்லூரி ஆசிரியர், தஞ்சாவூர்

நான் வியாபாரி இல்லை, என் அப்பா திருவையாற்றில் மளிகைக் கடை வைத்திருந்தார். பொருளாதாரம் நடத்துகிறேன். மளிகைக் கடை அண்ணன் போட்ட 20 வீட்டுக் கணக்கைத்தான் நாங்கள் வகுப்பில் பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறோம்: குறைந்த வருமானக்காரர் கூடுதலாகக் கிடைக்கிற ரூபாயில் பெரும்பகுதியை உடனே செலவழிப்பார், அதிக வருமானக்காரர் சேமிப்பார். 2024இல் வந்த உலகச் சமத்துவமின்மை ஆய்வகத்தின் கணக்குப்படி 2022-23இல் நாட்டின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேலே இருக்கிற 1 சதவீதத்தினரிடம் போகிறது. சொத்தில் 40.1 சதவீதம். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் அரை லிட்டர் பாட்டில் நகராததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

தையல் கடை அக்கா கேட்ட கேள்விதான் முக்கியம். 1914இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு தொழிற்சாலையில் நாள் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கினார். தொழிலாளியே கார் வாங்கட்டும் என்றுதான் கொடுத்தார் என்று சொல்வதுண்டு. உண்மையில் ஆட்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள், தினமும் புது ஆளைப் பழக்குகிற செலவு தாங்கவில்லை, அதுதான் முதல் காரணம். நம் ஊர்க் கடைகளில் பையன்கள் ஆறு மாதம் தாண்டாமல் திருப்பூர் பஸ் ஏறுகிறார்களே, அதை நினைத்துப் பாருங்கள்.

மளிகைக் கடை, மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி சாலை

எல்லோருக்கும் நன்றி. தையல் கடை தங்கச்சி, தப்பாக எடுக்கவே இல்லை. நீ கேட்டது நியாயம், இரண்டு நாளாகப் பதில் எழுத யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடையில் ஒரு தம்பி இருக்கிறான். நாலு வருடமாக. மூட்டை இறக்குவது, பொட்டலம் போடுவது, நான் சாப்பிடப் போனால் கல்லாவையும் பார்த்துக்கொள்வான். மாதம் 7,500 கொடுத்துவந்தேன். கூலி நின்று போயிருந்த அந்தப் பங்குனியில் பாக்கி நோட்டைக் கூட்டிப் பார்த்தேன் அல்லவா, அதில் அவன் அம்மா பேரும் இருந்தது. 2,300. என் கடையில் வேலை பார்க்கிறவன் வீட்டாரே என் கடையில் சரக்கு வாங்கக் கடன் சொல்கிறார்கள். அவன் கையாலேயே அதை எழுதியிருக்கிறான், குனிந்த எழுத்தில், பேருக்குப் பக்கத்தில் "அம்மா" என்று போடாமல் மற்றவர்களைப் போலவே பேரை மட்டும் எழுதி. அந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகு எனக்கு மற்ற யாரைப் பற்றியும் பேச வாய் வரவில்லை.

உடனே பெரிதாகக் கூட்ட முடியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். வளையல் அடகில் இருந்தது. ஆடி முதல் 8,500 ஆக்கினேன், தை முதல் 9,500. லாபத்தில் இடித்தது. மதியம் இரண்டு மணி நேரம் மூடிக்கொண்டிருந்த கடையை அவனை வைத்துத் திறந்தே வைத்தேன். நடவு, களையெடுப்பு முடிந்து வருகிற நேரம் அது. அந்த வியாபாரத்தில் பாதி ஈடாகிறது, மீதி இன்னும் ஈடாகவில்லை.

கூட்டிய சம்பளம் என் கடைக்கே வந்துவிடும் என்று ஒரு நினைப்பு இருந்தது. வரவில்லை. நீ சொன்ன அதே குழுக் கடன், மூன்று மாதம் அதற்கே போனது. அதற்கப்புறம்தான் அவன் வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து இறங்கியது.

போன வாரம் அவன் அம்மா கடைக்கு வந்தார். பையன் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, தேங்காண்ணெ அரை லிட்டர் பாட்டில் இருக்கா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. வியாழக்கிழமை லைன் வண்டி வரும். 6 பாட்டில் சொல்லியிருக்கிறேன்.